பூமி தானே மூட்டிய உலை

மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் செல்வோர்க்கு முதலில் எதிர்ப்படுவது யானைமலை. அதைக் கடந்து சிற்றூர்ப் பாதைகளில் வடக்கே திரும்பினால் மாங்குளம் குன்று. அக்குன்றின் குகைத்தளங்களில் பொறிக்கப்பட்டிருந்த எழுத்துகளை 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சுவெல் கண்டார். கண்டாரேயன்றி, அவை எம்மொழியில் அமைந்தவை என்பது அன்று எவருக்கும் விளங்கவில்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழே என்று நிறுவினார். அதற்கு அவர் கொண்ட சான்றுகள் இருவகையின. ழ, ள, ற, ன ஆகிய தமிழின் தனி எழுத்துகள் அங்கே இருந்தன என்பது ஒன்று. வடமொழிக்கும் பிராகிருதத்துக்கும் இன்றியமையாத வல்லோசையின் மெலிந்த வடிவங்கள், அதாவது தமிழ் நெடுங்கணக்கில் இடம்பெறாத ஒலிகள், அங்கே இல்லை என்பது மற்றொன்று. பின்னர் ஐராவதம் மகாதேவன் அக்கல்வெட்டிலுள்ள நெடுஞ்செழியன் என்னும் பெயரைத் தெளிவுபடுத்தினார். இருப்பதைப் படிப்பது போலவே இல்லாததையும் படிக்க வேண்டும் என்பதை மாங்குளம் கற்பித்தது.

இல்லாததைப் படித்ததால் வெளிப்பட்ட மற்றொரு வரலாறு உண்டு. அது சங்க காலத்தது அன்று. ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதைப் பொறித்தவன் மனிதனும் அல்லன்.

1972ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பியெர்லாத் அணு எரிபொருள் ஆலையில் வழக்கமான சோதனை ஒன்று நடந்துகொண்டிருந்தது. யுரேனியம் எங்கிருந்து எடுக்கப்பட்டாலும் அதில் இருவகை அணுக்கள் கலந்திருக்கும். எடை மிகுந்த 238 என்பது பெரும்பகுதி. எளிதில் பிளவுபடும் 235 என்பது நூற்றுக்கு 0.7202 பங்கு. ஆப்பிரிக்காவில் தோண்டினாலும் கனடாவில் தோண்டினாலும் இவ்விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. நிலாவிலிருந்து கொணர்ந்த கல்லிலும் விண்கல்லிலும் அதுவே. அன்று பூசிக் என்னும் ஆய்வாளர் அளந்த மாதிரியில் 0.7171 என்று வந்தது. இலட்சம் அணுக்களுக்கு 720 இருக்க வேண்டிய இடத்தில் 717 இருந்தன. மூன்றே அணுக்கள் குறைவு.

நகைக்கடையில் குன்றிமணி எடை குறைந்தால் உரைகல்லைத் தேடுவார்கள். அணு எரிபொருளில் குறைந்தால் காவல்துறையையும் தேட வேண்டியிருக்கும். ஏனெனில் குறைவது வெடிகுண்டுக்கும் உதவும் பொருள். பயன்படுத்திய எரிபொருள் தவறிக் கலந்துவிட்டதோ என்று முதலில் ஐயுற்றனர். ஆலைப் படிகள் ஒவ்வொன்றையும் பின்னோக்கித் துருவிச் சென்றபோது, அக்குறை நடு ஆப்பிரிக்கக் கபோன் நாட்டின் முனானா சுரங்க நிறுவனத்தில், ஒக்லோ என்னும் ஒரே சுரங்கத்தின் தாதில் போய் நின்றது. அங்கே சில மாதிரிகளில் 235இன் பங்கு 0.44 வரைக்கும் தாழ்ந்திருந்தது. யாரும் திருடவில்லை. அது மண்ணுக்குள்ளேயே எரிந்து தீர்ந்திருந்தது.

அச்செய்தியை 1972 செப்டம்பர் 25ஆம் நாள் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முன்வைத்தவர் பிரான்சிஸ் பெரென். யுரேனியம் எவ்வளவு திரண்டால் பிளவு தானே தொடரும் என்னும் 'மாறுநிலைப் பொருண்மை'யை 1939ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டவர்களுள் அவர் ஒருவர். தாம் இளமையில் தாளில் இட்ட கணக்கை இயற்கை எப்போதோ செய்து முடித்திருந்ததை முதுமையில் அறிவிக்கும் பேறு அவருக்கு வாய்த்தது.

235 குறைந்திருப்பது மட்டும் சான்றாகிவிடாது. தீ எரிந்த இடத்தில் விறகு குறைந்திருக்கும். சாம்பலும் இருக்க வேண்டும். அணுப்பிளவின் சாம்பல் என்பது அணு உடைந்து உண்டாகும் தனிமங்கள். அவற்றுள் நியோடிமியம் என்பது தெளிவாகச் சாட்சி சொன்னது. உலகின் பிற இடங்களில் கிடைக்கும் நியோடிமியத்தில் 142 என்னும் எடையுள்ள வகை நூற்றுக்கு 27 பங்கு இருக்கும். யுரேனியப் பிளவில் இவ்வகை தோன்றுவதில்லை. ஒக்லோவில் அது நூற்றுக்கு ஆறு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. இங்கும் இல்லாமையே பேசிற்று. மாங்குளத்தில் இல்லாத எழுத்து எதை உரைத்ததோ, அதையே ஒக்லோவில் இல்லாத அணு உரைத்தது எனலாம்.

இதில் வியப்புக்குரியது, இப்படி ஒன்று நிகழ்ந்திருக்கக்கூடும் என்று ஒருவர் முன்னரே எழுதியிருந்ததாகும். ஜப்பானில் பிறந்து அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேதியியலார் பால் குரோடா 1956இல் வெளியிட்ட சிறு கட்டுரையில் நிபந்தனைகளை வகுத்தார். யுரேனியம் போதிய தடிப்பில் திரண்டிருக்க வேண்டும். அதில் 235இன் பங்கு மிகுந்திருக்க வேண்டும். நீர் இருக்க வேண்டும். நியூட்ரான்களை விழுங்கும் பொருள்கள் இருக்கக் கூடாது. இவை கூடினால் பழங்காலத்தில் உலை தானே மூண்டிருக்கும் என்றார். பதினாறு ஆண்டுகள் அக்கட்டுரை நூலகத்தில் உறங்கிற்று.

அதே 1956இன் ஆகஸ்டு 4ஆம் நாள் மும்பைத் திராம்பேயில் இந்தியாவின் முதல் அணு உலையாகிய அப்சரா இயங்கத் தொடங்கியது. அது குளத்தில் மூழ்கிய உலை. 235இன் பங்கு கூட்டப்பட்ட யுரேனியமும் சாதாரண நீருமே அதன் உறுப்புகள். குரோடா வகுத்த நிபந்தனைகளும் ஏறத்தாழ இவையே. அப்சராவை எழுப்பிய இந்திய அணுசக்தி ஆணையம் 1948இல் அமைந்தபோது அதில் அமர்ந்த மூவருள் ஒருவர் கே.எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர். மதுரைக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவே. இதை நீட்டிப் பெருமை கொள்ள இடமில்லை. 1961இல் மறைந்த கிருஷ்ணன் ஒக்லோவை அறியார்.

இன்று மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தைக் குவித்துச் சாதாரண நீரை ஊற்றினால் உலை மூளாது. 0.72 பங்கு போதாது. அதனால்தான் இயற்கை யுரேனியத்தையே எரிக்கும் கல்பாக்கம் மின் உலைகளுக்குக் கனநீர் தேவைப்படுகிறது. சாதாரண நீரைக் கொண்டே இயங்கும் கூடங்குளம் உலைகளுக்கோ 235இன் பங்கைப் பெரும் ஆலைகளில் உயர்த்தி, நூற்றுக்கு 4 வரை கொண்டுவந்த எரிபொருள் தேவைப்படுகிறது. இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வுழைப்பு தேவைப்படவில்லை. 235 விரைந்து அழிவது. ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளில் பாதியாகும். 238 பாதியாக 447 கோடி ஆண்டுகள் வேண்டும். ஆகவே பின்னோக்கிச் செல்லச் செல்ல 235இன் பங்கு ஏறுகிறது. ஒக்லோவின் காலத்தில் அது நூற்றுக்கு 3.7. 2013இல் கூடங்குளத்தின் முதல் உலையில் தொடர்பிளவு தொடங்கியபோது அதில் இருந்தது, பழம்பூமியில் எல்லா யுரேனியமும் இருந்த நிலையை ஒத்த எரிபொருள்.

அவ்வாறாயின் அதற்கும் முன்னர், 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே எங்கும் உலைகள் மூண்டிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். மூளவில்லை என்றே கருதுகிறார்கள். யுரேனியம் அன்று பாறைகளில் சிதறிக் கிடந்தது. அதைக் கரைத்து ஓரிடத்தில் சேர்க்க உயிர்வளி கலந்த நீர் வேண்டும். அன்றைய காற்றில் உயிர்வளி இல்லை. ஞாயிற்றொளியில் உணவு சமைத்த நுண்ணுயிர்கள் கோடானுகோடி ஆண்டுகள் மூச்சுவிட்ட பின்னரே, இன்றைக்கு 240 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, காற்றில் உயிர்வளி நிலைத்தது. அதன்பின் ஆறுகள் யுரேனியத்தைக் கரைத்துச் சென்றன. உயிர்கள் மடிந்து மக்கிய கரிமச் சேற்றை அடைந்ததும் கரைந்தது மீண்டும் படிந்தது. ஒக்லோவின் தாதில் யுரேனியம் சிலவிடங்களில் பாதியளவை எட்டியது இவ்வாறுதான். உயிர்வளி பிறந்த பின்னர், 235 தேய்ந்து தீரும் முன்னர் என்று இடைப்பட்ட குறுகிய காலம் ஒன்றே அதற்கு வாய்த்தது. குறுகியது என்பது பூமியின் கணக்கில். உயிரின் மூச்சு இல்லாமல் அவ்வுலை மூண்டிராது என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பது.

தமிழில் உலை என்னும் சொல் கொல்லன் தீயையும் குறிக்கும். சோற்றுப் பானையில் கொதிக்கும் நீரையும் குறிக்கும். ஒக்லோவுக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. அணு பிளக்கும்போது வெளிப்படும் நியூட்ரான்கள் மிகு விரைவின. விரைந்து செல்பவை அடுத்த அணுவைப் பிளக்கும் வாய்ப்புக் குறைவு. தாதின் துளைகளில் ஊறிய நிலத்தடி நீர் அவற்றின் விரைவைத் தணித்தது, தணிந்தவை பிளந்தன, தீ மூண்டது. வெப்பம் ஏறியதும் நீர் கொதித்து அகன்றது. தணிக்க நீரில்லாமையால் தீ அவிந்தது. பாறை ஆறியதும் நீர் திரும்ப ஊறியது, மீண்டும் மூண்டது. வீட்டு அடுப்பில் உலைநீர் பொங்கி வழிந்தால் தீ அணையும். ஒக்லோவின் அடுப்போ நீர் வற்றினால் அணைந்தது.

இவ்வேற்ற இறக்கத்தின் கால அளவையும் கண்டிருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் மெஷிக்கும் உடன் ஆய்வாளரும் ஒக்லோக் கல்லின் அலுமினியப் பாஸ்பேட் மணிகளில் சிறைப்பட்டிருந்த செனான் வாயுவை அளந்தனர். செனானின் வகைகள் சில பிளவு நிகழ்ந்த உடனே தோன்றுவன. சில, இடைத் தனிமங்கள் சிதைந்த பின் மெல்லத் தோன்றுவன. உலை சுட்டுக்கொண்டிருக்கையில் தோன்றியவை தப்பின. ஆறிய பின் தோன்றியவை மணிகளுக்குள் மாட்டிக்கொண்டன. எவை எவ்வளவு என்பதிலிருந்து அரை மணி நேரம் எரிதல், இரண்டரை மணி நேரம் ஆறுதல் என்னும் சுழற்சியைக் கணித்தனர். கூட்டினால் மூன்று மணி நேரம். பழந்தமிழர் கணக்கில் ஏழரை நாழிகை, ஒரு யாமம். யாமத்துக்கு ஒருமுறை மூண்டு அவிந்து, இலட்சக்கணக்கான ஆண்டுகள் அவ்வுலைகள் எரிந்தன. ஆற்றலோ மிகச் சிறிது. சராசரி நூறு கிலோவாட்டுக்கும் குறைவு. ஓர் அரிசி ஆலையை ஓட்டலாம். வெடிப்பு ஏதும் நிகழவில்லை. காவலர் இல்லை, கட்டுப்படுத்தும் கோல் இல்லை, நீரே காவல்.

எரிந்து முடிந்த பின் சாம்பல் என்னவாயிற்று என்பது இக்காலத்தார்க்குக் கவலை தரும் வினா. ஒக்லோவில் உண்டான புளூட்டோனியம் பெரும்பாலும் தோன்றிய இடத்திலேயே நின்று சிதைந்தது. அரிய மண் தனிமங்களும் மிகுதியாக விலகவில்லை. செனான் போன்ற வாயுக்களும் சீசியம், ஸ்ட்ரான்சியம் முதலியவையும் கணிசமாக வெளியேறின. இதைக் கொண்டு அணுக்கழிவைப் புதைப்பதற்கு இயற்கை ஒப்புதல் தந்துவிட்டதாகப் பேசுவோர் உளர். அது மிகை. ஒக்லோவைச் சூழ்ந்தது களிமண்ணும் கரிமமும். அக்காவல் எல்லா நிலத்துக்கும் கிடையாது. அதன்றியும், எஞ்சியவை மட்டுமே கண்ணுக்குப் படுகின்றன. காக்கப்படாமல் கரைந்தொழிந்த உலைகள் வேறெங்கேனும் இருந்திருந்தால் அவை சாட்சி சொல்ல வரமாட்டா.

அத்தகைய உலை தமிழகத்தில் இருந்ததா? அறியப்பட்டவை கபோனில் உள்ளவை மட்டுமே. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட்டு மணலை நினைப்போர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மணலின் கதிரியக்கம் பெரிதும் தோரியத்தால் வருவது. தோரியம் தானே தீப்பற்றும் விறகு அன்று. மதுரைச் சமவெளியின் குன்றுகளோ கிரானைட்டும், நைஸ் எனப்படும் வரிப்பாறையும், சார்னோக்கைட்டும். (கடைசிப் பெயர், கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. ஒரு வணிகரின் கல்லறை தென்னாட்டு மலைகளுக்கெல்லாம் பெயரிட்டுவிட்டது.) இக்கற்களிலும் யுரேனியம் உண்டு; டன்னுக்குச் சில கிராம். உலைக்கு அது போதாது. ஆனால் கடிகாரத்துக்குப் போதும். சிர்க்கான், மோனசைட்டு என்னும் நுண்மணிகளுக்குள் யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கொண்டே இப்பாறைகளின் வயதைக் கணிக்கிறார்கள். அவ்வகையில் மதுரைப் பகுதிப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் அடியாழத்தில் கடுமையாக வெந்தவை என்று தெரிகிறது. வத்தலக்குண்டுக்கு அருகே கெங்குவார்பட்டிப் பாறைகள் 900 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தைக் கண்டவை. அதற்கு முன் இங்கே எது எழுதப்பட்டிருந்தாலும் அதன் பெரும்பகுதியை அவ்வெப்பம் அழித்து, மேலே புதிதாக எழுதிவிட்டது. ஒக்லோ அமைந்த பிரான்ஸ்வில் படுகை அவ்வாறு வேகாமல் தப்பியது. அங்கே உலை எரிந்ததைக் காட்டிலும், எரிந்த தடம் நிலைத்ததே அரிது.

அவ்வாறு இருநூறு கோடி ஆண்டுகள் நிலைத்த தடத்துக்கு அதன்பின் நேர்ந்தது வேறு. ஒக்லோவிலும் அடுத்துள்ள ஒக்கெலோபோண்டோவிலுமாக ஏறத்தாழ பதினாறு உலைத்தளங்கள் அறியப்பட்டன. அறிவித்த பின்பும் சுரங்கம் நிற்கவில்லை. சில இடங்களில் ஆய்வுக்கென ஓரளவு விட்டுவைத்தனர், மாதிரிகள் எடுத்தனர், 1975இல் தலைநகர் லீபர்வில்லில் அறிஞர் பேரவை கூடிற்று. ஆயினும் உலைத்தளங்கள் மிகுந்த தாதுடையவை. சுரங்கக்காரர் கண்ணுக்கு அவையே முதல் விளைச்சல். 1961இல் தொடங்கிய முனானாச் சுரங்கப்பணி 1999இல் நின்றபோது பெரும்பாலான தளங்கள் அகழப்பட்டிருந்தன. உலகின் ஒரே இயற்கை உலைகள் வெளிப்பட்டது அவற்றைத் தோண்டி விற்றதால், மறைந்ததும் அதனாலேயே. தோண்டாதிருந்தால் அறிந்திருக்க மாட்டோமே என்று வாதிடலாம். அறிந்த பின் தோண்டியதற்கு அவ்வாதம் விடையாகாது.

மேலூர் வட்டத்தில் இது தெரிந்த கதை. கீழவளவைச் சுற்றிலும் கிரானைட்டுக் குழிகள் நீர் நிறைந்து கிடக்கின்றன. கல்லாகப் பார்த்தால் கன அடிக் கணக்கு. குகைத்தளமாகப் பார்த்தால் இரண்டாயிரம் ஆண்டு ஏடு. யானைமலையில் 2010ஐ ஒட்டிச் சிற்ப நகரம் அமைக்க முற்பட்டபோது ஒத்தக்கடை, நரசிங்கம் பகுதி மக்கள் எதிர்த்தனர், அத்திட்டம் கைவிடப்பட்டது. அரிட்டாபட்டிக் குன்றுகளில் தமிழி எழுத்தும், சமணத் திருமேனியும், பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உள்ளன. 2022 நவம்பரில் அப்பகுதி பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டித் தொகுதியின் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் முடிந்த செய்தி வந்தது. 2025 ஜனவரி 7ஆம் நாள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி மக்கள் திரளாக நடந்தனர். ஜனவரி 23ஆம் நாள் நடுவண் அரசு ஏலத்தை நீக்கியது. டங்ஸ்டனும் அக்கல்லில் உள்ளது; எழுத்தும் அக்கல்லில் உள்ளது. ஏலப் பட்டியலுக்குள் வரக்கூடியது முன்னது மட்டுமே.

  ஒக்லோவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் பங்கோம்பே என்னும் இடத்தில் ஓர் உலைத்தளம் தொடப்படாமல் இருந்தது. 1997இல் பிரெஞ்சு நிலவியலாளர் பிரான்சுவா கோத்தியே-லாஃபே 'நேச்சர்' இதழுக்கு எழுதி, எஞ்சிய அவ்வொன்றையேனும் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அது நிலமட்டத்திலிருந்து சில மீட்டர் ஆழத்திலேயே கிடக்கிறது. மேலே வெப்பக்காடு, இறங்கும் மழைநீர் அதன் ஓரங்களைச் சிறிது சிறிதாகக் கரைத்து வருகிறது.